கை கூடிவிட்டது, ஏட்டி

அன்புள்ள ஏட்டிக்கு,

இதை வலது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், நாலு வரிக்கு ஒரு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி நீட்டிக்கொள்கிறேன், ஆனாலும் இதை நானே எழுத வேண்டும் என்று இருந்தேன். வாட்ஸ்அப்பில் உனக்குக் குரல் பதிவாகவே அனுப்பிக்கொண்டிருந்தேன் இல்லையா, அதில் பாதிதான் சொன்னேன். நீ உன் முழங்கால் வலியோடு இருக்கும்போது என் கையைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று தயங்கினேன். இப்போது எலும்பு கூடிவிட்டது, பொங்கலும் முடிந்துவிட்டது. சரி, ஆற அமர எல்லாவற்றையும் சொல்கிறேன்.

ஐப்பசிக் கடைசியில் இங்கே பாளையங்கோட்டையில் நாலு நாள் விடாத மழை. புறவாசலில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி. கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினேன், கால் வழுக்கியது, விழும்போது வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றிவிட்டேன். யார் விழுந்தாலும் கை தன்னால் முன்னே போகும், உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். சத்தம் கேட்டது. வலி கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. முதலில் கண்ணில் பட்டது மணிக்கட்டின் உருவம்: கவிழ்த்து வைத்த முள்கரண்டிக்குக் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவு இருக்குமே, அதேமாதிரி மேலே எழும்பி நின்றது.

எதிர்வீட்டு மதினி என் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தார். அழவில்லை, ஐயோ என்று கத்தவில்லை. சோப்புத் தண்ணீரை ஊற்றி இரண்டு வளையலையும் மோதிரத்தையும் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார், "வீங்கிட்டுன்னா அறுத்துதான் எடுக்கணும்" என்றார். அப்புறம் தினத்தாள் இரண்டை நாலாக மடித்து, அதன்மேல் என் கையைக் கிடத்தி, துண்டால் சுற்றி, துப்பட்டாவால் கழுத்தில் தொங்கவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நர்ஸ், யார் இப்படி ஒழுங்காகக் கட்டினது என்று கேட்டார். மதினி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

படம் எடுத்துப் பார்த்தார்கள். பெருவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டுக்கு ஒரு அங்குலம் மேலே முறிந்து பின்னால் சாய்ந்திருந்தது. முறிந்த இடத்திலேயே மரத்துப்போக ஊசி போட்டு, ஒருவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, டாக்டர் விரல்களைப் பிடித்து இழுத்து, எலும்பை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார். வீக்கம் வடிகிறவரைக்கும் அரைக்கட்டு, ஒரு வாரம் கழித்து முழு மாவுக்கட்டு, எலும்பு நழுவியிருக்கிறதா என்று அடுத்தடுத்த வாரம் படம். நழுவவில்லை. நழுவியிருந்தால் ஆபரேஷன் பண்ணித் தகடு வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அந்த இரண்டு வாரமும் எனக்குத் தூக்கமே இல்லை.

சீட்டில் காலிஸ் முறிவு என்று எழுதியிருந்தது. ராத்திரி தூக்கம் வராமல் இடது கையால் போனைத் தட்டி அது என்ன என்று தேடினேன். ஆபிரகாம் காலிஸ் என்பவர் டப்ளினில் இருந்த அறுவை மருத்துவர், 1814இல் இந்த முறிவைப் பற்றி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895இல்தான். காலிஸ் எழுதுகிறவரைக்கும் இதை மணிக்கட்டு பிசகிவிட்டது என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். எலும்பைக் கண்ணால் பார்க்க வழியே இல்லாத காலத்தில் ஒருவர் தொட்டுத் தடவியே, இது பிசகு இல்லை, முறிவு என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது ஏனோ மதினியின் கைதான் ஞாபகம் வந்தது.

இனி உண்மையில் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். இவர் போய் நாலு வருஷமாகத் தனியாகத்தானே இருக்கிறேன், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். வலது கை போனதும் தெரிந்தது, ஒரு பால் பாக்கெட்டை வெட்டக்கூட இரண்டு கை வேண்டும். பேஸ்ட் மூடி, ரவிக்கை ஊக்கு, மாத்திரை அட்டை, ஈரத்துணியைப் பிழிவது, எல்லாமே இரண்டு கை வேலை. பையன் பெங்களூருக்கு வந்துவிடு என்றான். அவன் கூப்பிட்டது சும்மா இல்லை, நிஜமாகவே கூப்பிட்டான், ஆனால் அவர்கள் இருவரும் காலையில் போய் ராத்திரி வருகிறவர்கள், பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் ஒற்றைக் கையோடு நான் என்ன செய்வேன்.

விழுந்த செய்தி கேட்டு முப்பது பேராவது போன் பண்ணியிருப்பார்கள். எல்லோரும் "எதுன்னாலும் சொல்லு" என்றார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் சொல்ல வாய் வரவில்லையே. தலை நாறுகிறது, வந்து குளிப்பாட்டிவிடு என்று போனில் எப்படிச் சொல்வது?

நான் சொல்லாமலே செய்தவர்கள் மூன்று பேர். மதினி மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குச் சீப்போடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, "தார்சாவுல உக்காரு" என்றார், முன்கூடத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து சிக்கு எடுத்துப் பின்னி விட்டுப் போனார். மறுநாளும் அதே ஏழு மணி. கட்டுப் பிரிக்கிறவரைக்கும் ஒருநாள் தவறவில்லை. முதல் நாள் அவர் பின்னும்போது நான் அழுதேன், வலியால் இல்லை, என் தலையை இன்னொருவர் தொட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று நினைத்து.

இரண்டாவது, எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். நான் அவளைப் பற்றி உன்னிடம் குறைப்பட்டிருக்கிறேன், பேச்சு கறாராக இருக்கும் என்று. அவள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து அடுக்களையில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் டப்பா டப்பாவாக எடுத்து மூடியைத் திறந்து, மறுபடி இறுக்காமல் லேசாக மேலே வைத்துக்கொண்டே போனாள். மேல் தட்டில் இருந்ததை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கினாள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஏழு சின்னக் கிண்ணத்தில் போட்டாள். அரைமணி நேரம்தான் இருந்திருப்பாள். அந்த வாரம் முழுக்க யாரையும் கூப்பிடாமல் என்னால் காபி போட்டுக் குடிக்க முடிந்தது. படுக்கைக்குக் கொண்டுவந்து கொடுக்கிற காபியை நான் விரும்ப மாட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

மூன்றாவது உனக்குத் தெரிந்தவள்தான், நம் ஹாஸ்டலில் கடைசி அறையில் இருந்தாளே, இப்போது வண்ணார்பேட்டையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் அவள் ஸ்கூட்டியில் வந்து நின்றாள், என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே வந்தாள். சாப்பாடும் அவள்தான். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வாரம் இரண்டு நாள், எலும்புக்கு ஆகும் என்று. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அதைச் சாப்பிடுவது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது, உளுந்தஞ்சோற்றைப் பிசையாமல் எப்படிச் சாப்பிடுவது, அவள்தான் பிசைந்து உருண்டை உருட்டித் தட்டில் வரிசையாக வைப்பாள். பிரண்டைத் துவையலும் கொண்டுவந்தாள். பிரண்டையை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், நன்றாக வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் நாக்கு அரிக்கும், உனக்கும் தெரியும். அது எலும்பைக் கூட்டும் என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்து சொல்கிறார்கள். என் எலும்பு அதனால் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன், மாவுக்கட்டும் ஆறு வாரமும்தான் கூட்டியது. ஆனால் அந்தத் துவையல் வராத வாரம் எனக்கு வெறுமையாக இருந்தது.

சித்தப்பா, டாக்டர் வேண்டாம், நாகர்கோவில் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஆசானிடம் போகலாம், இல்லாவிட்டால் ஆந்திராவுக்குப் போய்ப் புத்தூர்க் கட்டுப் போடலாம் என்று பிடிவாதம் பிடித்தார். பரம்பரையாகச் செய்கிறவர்கள், குணமானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தாத்தாவின் கை கூடியும் வளைந்தே நின்றது, கடைசிவரை சட்டைப் பித்தானைப் பாட்டிதான் போட்டுவிட்டாள். எலும்பு எப்படிச் சேருகிறது என்று வாராவாரம் படத்தில் பார்த்துச் சொல்கிற இடத்தில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

கட்டுப் பிரித்த அன்று உனக்குப் போன் பண்ணினேன் இல்லையா, சந்தோஷமாகப் பேசினேன். உண்மையில் அன்றைக்குத்தான் ரொம்பப் பயந்தேன். கட்டை அறுக்கிற ரம்பம் சுற்றாது, அதிரத்தான் செய்யும், தோலை வெட்டாது என்று டாக்டர் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், பயம் அதனால் இல்லை. உள்ளேயிருந்து வந்த கையைப் பார்த்துத்தான். இளைத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி. ஆறு வாரத்தில் கை குணமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், குணமாவது அன்றைக்குத்தான் ஆரம்பம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நல்லவேளை, கட்டு இருக்கும்போதே விரலை அசை, தோளைத் தூக்கு, கையைத் தொங்கவிடாதே என்று பிசியோதெரபிப் பெண் விரட்டியிருந்தாள், அதனால் தோள் பிடித்துக்கொள்ளவில்லை.

உள்ளங்கையை மேலே திருப்புவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். கோயிலில் தீர்த்தம் வாங்கக் கை நீட்டினேன், உள்ளங்கை பக்கவாட்டிலேயே நின்றது, தண்ணீர் வழிந்து போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து விடாமல் செய்தேன்: வெந்நீரில் பத்து நிமிஷம், அப்புறம் வணக்கம் சொல்கிற மாதிரி உள்ளங்கைகளைச் சேர்த்து முழங்கையை உயர்த்துவது, தோசைக் கரண்டியின் நுனியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பது, பந்தை அமுக்குவது. கணக்கு டீச்சர் போனில் எண்ணுவாள். இருபது என்றால் இருபதுதான், பதினெட்டில் விட மாட்டாள். தை முதல் நாள் வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் போட்டேன். மாவு விரலிடுக்கில் சீராக இறங்கியது. மார்கழி பூராவும் என் வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போட்ட மதினி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு முக்கியமான விஷயம், நீயும் செய். எனக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை பண்ணச் சொன்னார்கள், அளவு மைனஸ் 1.9 வந்தது. மைனஸ் 2.5க்கோ அதற்குக் கீழேயோ போனால் எலும்புப்புரை, நான் அதற்கு முந்தின படியில் இருக்கிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கெல்லாம் எலும்பு வேகமாகத் தேயும், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே முறிந்தால் உடனே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி எட்டு வாரத்துக்கு, தினமும் கேழ்வரகு, வெயிலில் நடை. நமக்கு ஐம்பத்தாறு ஆகிறது, ஏட்டி. உன் டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது கேள்.

இப்போது நான் சொல்லியே ஆக வேண்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் இடது முழங்கால் ஆபரேஷனின்போது நான் என்ன செய்தேன்? போன் பண்ணி, எதுன்னாலும் சொல்லு என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் சரி, எல்லாம் நடக்கிறது போல என்று இருந்துவிட்டேன். உன் மருமகள் வேலைக்குப் போன பிறகு நீ பாத்ரூமுக்கு வாக்கரோடு தனியாகப் போனாய் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஆறு வாரமும் தார்சாவில் மதினிக்கு முன்னால் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. மன்னித்துக்கொள்.

ஹாஸ்டல் படிக்கட்டு ஞாபகம் இருக்கிறதா, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் படிக்கு ஒருத்தியாக உட்காருவோமே, மேல்படிக்காரி கீழ்படிக்காரிக்குப் பின்னுவாள். எனக்கு முன்னால் எப்போதும் நீதான். உன் முடி அப்போது ஒரு கைக்குள் அடங்காது.

மாசியில் உன் வலது முழங்காலுக்கு நாள் குறித்திருப்பதாக உன் பையன் சொன்னான். அதற்கு முந்தின நாள் ராத்திரி நாகர்கோவிலிலிருந்து கோயம்புத்தூர் போகிற ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன், கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பதினைந்து நாள் லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று. கனமான பாத்திரம் இன்னும் தூக்க வராது, அதை மட்டும் உன் மருமகளிடம் சொல்லி வை. மற்றபடி மதினியின் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை இரட்டைப் பின்னல் போட்டுப் பார்த்தேன், அவிழாமல் சாயங்காலம் வரை இருந்தது.

இப்படிக்கு,
உன் மேல்படிக்காரி