சேர்ந்து போன பயணத்தில் தனித்தனியாக ஒரு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பச் சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையையும், "போன இடத்தில் ஆளுக்கொரு பக்கம் போவதென்றால் குடும்பமாக எதற்குக் கிளம்ப வேண்டும்?" என்று அதற்கு வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணவர், மகள், மகன், நான் என நாலு பேரும் வேலையையும் பள்ளியையும் ஒரு வருடம் நிறுத்திவைத்துவிட்டு ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறோம். அந்த ஒரு வருடம் சண்டை சச்சரவில் முடியாமல் போனதற்கு, ஆஸ்திரேலியாவில் நாங்கள் பிரிந்து இருந்த ஒரு பகலுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிள்ளைகள் படிப்பு என்னாயிற்று, பணம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் முதலில் கேட்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். மகன் அடுத்த வகுப்பில் ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்தான். கணவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார், நான் பார்த்துவந்த ஆசிரியை வேலையை விட்டேன். பின்னால் வீடு கட்டலாம் என்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனிலிருந்து மெல்பர்ன் வரை கடலோரமாகவே வந்தோம். படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகை வேன். பகலில் அதில் பயணம், இரவில் அதிலேயே தூக்கம். ஈரத் துண்டை யார் எங்கே போட்டார்கள், முன் சீட்டில் இன்று யார் முறை, போனுக்குச் சார்ஜ் போட யார் முந்திக்கொண்டார்கள் என்று பேச்செல்லாம் இப்படியே போயிற்று. கங்காருவைப் பார்த்தாலும் சரி, அலையைப் பார்த்தாலும் சரி, நாலு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறோம். அப்புறம் ஒருவர் மற்றவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

மெல்பர்ன் வந்து சேர்ந்த அன்று ராத்திரி மகள்தான் ஆரம்பித்தாள். "நாளைக்கு ஒரு நாள் நான் தனியா போயிட்டு வரட்டுமா?" கணவருக்கு முகம் வாடிவிட்டது. "ஏம்மா, எங்க கூட இருக்கது பிடிக்கலையா?" என்றார். "பிடிக்காம இல்லப்பா. ஒரு நாள் என்னை யாரும் கூப்பிடாம இருக்கணும்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நாங்கள் அதைத் தட்டவில்லை.

வேறு ஊராக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். மெல்பர்ன் நகர மையம் 1837-இல் கட்டம் போட்டு அமைத்தது. தெருக்கள் நேராகப் போகும், நேராகக் குறுக்கிடும், வழி தவற வாய்ப்பு குறைவு. நகர மையத்துக்குள் டிராமில் கட்டணமே கிடையாது. 2015-இலிருந்து இப்படி. டிக்கெட்டோ அட்டையோ வேண்டாம், ஏறலாம், இறங்கலாம், இலவச எல்லை முடியும் இடத்தை வண்டியிலேயே அறிவிக்கிறார்கள். மகள் ஆசைப்பட்ட மாநில நூலகம் ஸ்வான்ஸ்டன் தெருவில் இருக்கிறது. அதே தெருவில் தெற்கே நேராக வந்தால் ஃப்ளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் விக்டோரியா தேசியக் கலைக்கூடம். அவளுடைய நாள் முழுவதும் ஒரே நேர்கோட்டில் அடங்கிவிட்டது. ரயில் நிலைய வாசலுக்கு மேலே வரிசையாகக் கடிகாரங்கள் தொங்குகின்றன, ஒவ்வொரு தடத்திலும் அடுத்த ரயில் எப்போது என்று காட்டுபவை. மெல்பர்ன்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் அது. 1983-இல் அவற்றைக் கழற்ற முனைந்தபோது ஊரே எதிர்த்து நிறுத்தியதாம். மாலை ஐந்து மணிக்கு நாலு பேரும் அங்கே நிற்பது என்று முடிவாயிற்று. மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அவசரம் என்றால் 000 என்ற எண். மகள் இதை மனப்பாடமாக ஒப்பித்த பிறகுதான் அவள் அப்பா தலையசைத்தார்.

பதினோரு வயது மகனைத் தனியே விடும் பேச்சே இல்லை. நாங்கள் கிளம்பிய பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை நியாயமில்லாத அளவு நேரம் கவனிப்பாரின்றி விடுவது குற்றம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் வயதைக் குறிப்பிடவில்லை என்றாலும், தக்க ஏற்பாடு இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வது அங்கேயும் குற்றம்தான். சட்டம் இல்லாவிட்டாலும் விட்டிருக்க மாட்டோம். அவனும் அவன் அப்பாவும் எம்.சி.ஜி. என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். 1981-இல் கபில்தேவ் ஐந்து விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 83 ரன்னுக்குச் சுருட்டிய மைதானம் என்பது இவருடைய பெருமை. 2022-இல் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலி ஆடியதும், கடைசிப் பந்துக்கு முன்னால் அஸ்வின் அசையாமல் நின்று வைடு வாங்கியதும் அங்கேதான் என்பது மகனுடைய பெருமை. வேனில் மகளுக்கும் எனக்கும் இந்தப் பேச்சு சலித்துப்போய் அவர்களை அடக்கிவிடுவோம். அன்று அடக்க ஆளில்லை. காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தக் கடைசி ஓவரைப் பந்து பந்தாக அப்பாவுக்கு விளக்கியிருக்கிறான்.

மகள் நூலகத்தின் பெரிய வாசிப்பு அறையில் நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 1913-இல் திறந்த, எட்டுப் பக்கச் சுவரும் மேலே குவிமாடமும் உள்ள கூடம். நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் மேசைகள் நீள்கின்றன. காசு வாங்குவதில்லை, யார் நீ என்று கேட்பதில்லை. நெட் கெல்லி என்ற வழிப்பறிக் கொள்ளையன் 1880-இல் போலீசோடு கடைசியாகச் சண்டை போட்டபோது அணிந்திருந்த இரும்புக் கவசமும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. குண்டு பட்ட பள்ளங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணியிருக்கிறாள். என்ன எழுதினாய் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவளும் நோட்டைக் காட்டவில்லை.

நான் என்ன செய்தேன்? முதலில் குயின் விக்டோரியா சந்தை. 1878-இலிருந்து நடக்கிறது. திங்களும் புதனும் கிடையாது, நாங்கள் போனது வியாழன். வேனில் நின்று விற்கிற, உள்ளே ஜாம் வைத்த டோனட்டைச் சுடச்சுட வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன். யாருக்கும் பாதி பிய்த்துத் தரவில்லை. பிறகு அதே கலைக்கூடத்துக்கு மகளுக்கு முன்னாலேயே போய்விட்டேன். அங்கே பெரிய கூடத்தின் கூரை முழுவதும் வண்ணக் கண்ணாடி, லெனார்ட் ஃப்ரெஞ்ச் என்ற கலைஞர் செய்தது. ஜனங்கள் அதைத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறார்கள். நானும் சுடிதார் துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். மேகம் விலகும்போதெல்லாம் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று ஏறி, மறைக்கும்போது அடங்கின. மணி பார்க்கவில்லை. என் வயதில் ஒரு பெண் பொது இடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கிறாளே என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசகர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குடும்பச் சுற்றுலா என்றால் நம் வீடுகளில் ரைஸ் குக்கரையும் ஊறுகாய் பாட்டிலையும் மாத்திரை டப்பாவையும் தூக்கிக்கொண்டு போவது யார்? எந்த ஊர் போனாலும் "ராத்திரிக்கு என்ன?" என்ற கேள்வி யாரிடம் வருகிறது? பெண்களுக்கு இடம்தான் மாறுகிறது, வேலை மாறுவதில்லை. அவர்களுக்கு அரை நாளாவது யாருக்கும் பொறுப்பில்லாமல் இருக்கக் கிடைக்க வேண்டும். அது குடும்பத்தை மறந்து போவது ஆகாது. அன்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகன் இதைப் பார்த்தால் என்ன சொல்வான் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் கடிகாரத்துக்கு அடியில் சந்தித்தோம். அன்று ராத்திரி வேனில் யாரையும் யாரும் பேசவிடவில்லை, அவ்வளவு பேச்சு. இவர் பாதியில் நிறுத்தி மகளிடம் "அந்தக் கவசம் எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டார். வாரக்கணக்கில் அவர் அவளிடம் கேட்டதெல்லாம் பல் தேய்த்தாயா, பையை எடுத்தாயா என்பவைதான்.

விஷயம் கேட்டு ஊரிலிருந்து என் மாமியார் போனில் "ஏம்மா, கண்காணாத ஊர்ல வயசுப் பிள்ளைய தனியா விட்டியா?" என்று பதறினார். அவர் பதறியது நியாயம். அதனால் இதையும் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் இப்படி விட முடியாது, நாங்களும் விடவில்லை. கடற்கரையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும்தான், அதுவும் நாலு பேரும் சேர்ந்துதான் இறங்கினோம். போன் சிக்னல் கிடைக்காத நெடுஞ்சாலைகளில் ஒருவரை விட்டு ஒருவர் நகரவில்லை. பகல் வெளிச்சம், கூட்டம் உள்ள தெரு, எளிய போக்குவரத்து, முன்கூட்டியே பேசிவைத்த ஓர் இடம் இத்தனையும் சேர்ந்தால்தான் அது சரிப்படும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பயணச் சிறப்பிதழில் நாலு பேர் சேர்ந்து பார்க்கும் இடங்களின் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊரில் ஒரு பெண் பகல் முழுவதும் தனியாக நடமாடலாம், பதினாறு வயதுப் பிள்ளை எந்த வண்டியில் ஏறி எங்கே இறங்கலாம், உட்காரவும் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் எங்கே வசதி, மறுபடி சந்திக்க எது நல்ல இடம் என்பதையும் போடுங்கள். மதுரை, புதுச்சேரி, மைசூரு என்று பக்கத்திலிருந்தே தொடங்கலாம். மெல்பர்னைப் பற்றி வேண்டுமென்றால் நான் எழுதி அனுப்புகிறேன். புதுச்சேரியைப் பற்றி எழுத மகள் இப்போதே தயாராக இருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை