கோயில் திரையின் வலப்பக்கம் கெட்டுப்போகவில்லை

ஆலயத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடித் திருவிழாக் கூட்டத்திலேயே பேசலாம் என்றுதான் வந்தேன், அன்னதானக் கணக்கே இரவு பதினோரு மணி வரை ஓடியதால் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் ஊர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும், நன்கொடை அவர்களுடையதுதானே.

மண்டபத்து எல்இடி திரையின் வலப்பக்கம் மங்குகிறது, அந்தப் பக்கத்துப் பேனல்களை (திரையில் அடுக்கிய எல்இடி பலகைகளை) எல்லாம் மாற்ற வேண்டும் என்று குத்தகையாளர் சொல்லிவிட்டார், நீங்களும் வசூலுக்கு ரசீதுப் புத்தகம் அடிக்கக் கொடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பேனல் கெடவில்லை. அதற்கு வேண்டிய கரண்ட் போய்ச் சேரவில்லை.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் செயலாளரிடம் சாவி வாங்கி, பின்னால் ஏறி மீட்டர் வைத்துப் பார்த்தேன். (பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் பவர் சப்ளை பழுது பார்த்தவன், கை சும்மா இருக்காது.) 240 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பவர் சப்ளைகள் இருக்கும் இடது ஓரத்து இரும்புப் பெட்டியில் 5 வோல்ட் சரியாக இருக்கிறது. திரை முழுக்க வெள்ளை போட்டால் வலது கடைசியில் 4.1 தான். கறுப்புப் படம் போட்டதும் அதே இடத்தில் 4.9-க்கு ஏறிவிடுகிறது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். விடியற்காலை முன்வீட்டுக்காரர்கள் எல்லோரும் குழாயைத் திறந்துவிட்டால் கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்புவதற்குள் வாளி நிறையாது. நாம் இப்போது குழாயை விட்டுவிட்டு வாளியை மாற்றக் காசு சேர்க்கிறோம்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். போட்டிருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மீட்டருக்கு ஏறக்குறைய 7.4 மில்லி ஓம் தடை. போக 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர், ஆக 0.045 ஓம் பக்கம் வருகிறது. கடைசி மூன்று பேனலும் முழு வெள்ளையில் 15 ஆம்பியர் இழுக்கின்றன, அப்படியானால் 0.67 வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. மீதி, கறுத்துப் போன இரண்டு இணைப்புகளில் காணாமல் போகிறது, தொட்டுப் பார்த்தேன், சுட்டது. இதே வயரில் இதே 75 வாட்டை (5 வோல்ட், 15 ஆம்பியர்) 240 வோல்ட்டாகக் கொண்டுபோனால் ஓடுவது 0.3 ஆம்பியர்தான், இழப்பு ஒரு வோல்ட்டில் எழுபதில் ஒரு பங்கு. வோல்ட் குறைவாக இருந்தால் ஆம்பியர் ஏறும், ஆம்பியர் ஏறினால் வயர் தின்னும்.

நிறம் மாறுவதும் இதனால்தான். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் பக்கம் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வரை வேண்டும், அதற்கு மேல், எல்இடிக்குப் போகும் கரண்டை அளந்துவிடும் டிரைவர் சிப்புக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். பற்றாக்குறை வந்தால் முதலில் பச்சையும் நீலமும்தான் சோரும். போன வருடம் அம்மனுக்குப் பாலாபிஷேகம் காட்டியபோது வலப்பக்கம் இளஞ்சிவப்பு ஆயர் பண்டோங் பானத்தை ஊற்றுவது மாதிரி தெரிந்ததே, அது இதுதான்.

வீட்டு எல்சிடி டிவி மட்டும் ஏன் இப்படிச் செய்வதில்லை என்று பொருளாளர் கேட்டார். நல்ல கேள்வி. அதன் பின்விளக்கில் எல்இடிகளைச் சங்கிலியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள், ஒரு சங்கிலியில் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே கரண்ட், அங்கே முதல் வீடு கடைசி வீடு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரைக் கைபேசியில் நம் திரையின் தொல்லை அப்படியே உண்டு. அதனால்தான் மின்தடத்தை வலைபோலப் பின்னி, ஒன்றுக்கு மேற்பட்ட பக்கத்திலிருந்து ஊட்டி, குறைவதைச் சரிக்கட்டவும் தனியாகச் சுற்று வைக்கிறார்கள்.

சரி, நமக்கு வருவோம். பவர் சப்ளைகளை இடது ஓரத்தில் குவித்து வைக்காமல் திரைக்குப் பின்னால் பரப்பி வையுங்கள், 240 தூரம் போகட்டும், 5 வோல்ட் வயர் முழ நீளத்துக்கு மேல் வேண்டாம். அது முடியாவிட்டால் பந்தியில் இரண்டு முனையிலிருந்தும் பரிமாறுவது போல வயரை இரு முனையிலும் ஊட்டுங்கள், பேனல்கள் சீராக வரிசையில் இருக்கும்போது மிகப் பெரிய இழப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். குத்தகையாளர் முன்பு செய்தது போலப் பவர் சப்ளையின் திருகைத் திருகி வோல்ட்டை ஏற்றிவிட மட்டும் வேண்டாம், இடப்பக்கத்து டிரைவர் சிப்புகள் அந்த மிச்சத்தை எல்லாம் சூடாக்கித் தள்ளும், அப்புறம் உண்மையாகவே பேனல் வாங்க வேண்டி வரும். 240 வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும், நானில்லை. மழைச்சாரல் அடிக்கிற மண்டபம் அது.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். வெள்ளைப் படம் போட்டு, கணினியில் பிரகாசத்தை 30 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டால் குறை வயரில்தான்.

வயருக்கும் முனைகளுக்கும் என் கணக்கில் சில நூறு வெள்ளி போதும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறேன், ஏணி பிடிக்க இரண்டு இளைஞர்களை அனுப்புங்கள், அதுவரை அந்த ரசீதுப் புத்தகத்தைப் பிரிக்க வேண்டாம்.