குண்டு கிராமம் கட்டுக்கதை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கடலூர்க் கட்டுரையில், 'பீரங்கிக் குண்டு போய் விழுந்த இடம்வரை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான் என்பது பாமர மக்களின் கற்பனை' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. 1690-இல் மராட்டியரிடமிருந்து கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்து நிலமும் சேர்த்தே விலை பேசப்பட்டது. நேராகக் குறிவைத்துச் சுடும் தூரமல்ல. குழாயைத் தூக்கி வைத்து முழு வீச்சில் எறியும் தூரம். வெடிமருந்தின் அளவும் குழாயின் சாய்வும் கொஞ்சம் மாறினாலும் எல்லை மாறிவிடும். அதிக தூரம் எட்டும்படி மருந்து கெட்டித்துச் சுடுவது பீரங்கிக்காரனின் கைத்திறன் என்று கம்பெனியின் சென்னை நிர்வாகக் கவுன்சிலே எழுதி வைத்தது. பல திசையிலும் சுட்டார்கள். கடலூர் ஊரே அந்த வீச்சுக்குள் அகப்பட்டது. அப்படிப் போன ஊர்களைத்தான் ஜனங்கள் குண்டு கிராமங்கள் என்றார்கள். ஆங்கிலேயர் காலத்து கெசட்டியரிலேயே (அரசின் மாவட்ட விவர நூல்) இது பதிவாகியிருக்கிறது.

மக்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. 'கிளைவ் கட்டிய கோட்டை' என்பார்கள். கிளைவ் பிறந்ததே 1725-இல்தான். ஆளும் ஆண்டும் வாய்மொழியில் குழம்பும். நிலம் யார் கைக்குப் போனது என்பது அவ்வளவு லேசில் மறக்காது. வரி கட்டியவர்கள் அவர்கள்தானே.

போன வருஷம் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிப்பையும் 'சொல்லப்படுகிறது' என்று போட்டீர்கள். 1748 செப்டம்பரில் நடந்ததை, அங்கேயே பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அறிஞர் சொல்லுக்கு மட்டும் இந்தச் சந்தேகம் வருவதே இல்லை. 1945-இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியல் அறிஞர் வீலர், உட்புறம் உருளைக்கோடு (வட்டவட்டமாகப் பதித்த சிறு கோடுகள்) போட்ட மண்கலங்களை மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்தார். பின்னால் அந்தக் கலங்களின் மண்ணைச் சோதித்ததில் அது இந்தியக் களிமண் என்று தெரிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வில், ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெளிவாயிற்று. தங்கள் பக்கங்களிலோ இன்றைக்கும் அது 'ரோமானியர் அமைத்த துறைமுகம்'.

குண்டு கிராமம் பற்றிய வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி வரும் வரலாற்றுக் கட்டுரைகளில், எந்தத் தகவல் ஆவணம், எது அகழாய்வு, எது வாய்மொழி என்று அந்தந்த இடத்திலேயே குறித்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்