குளிரிலும் கூடிவந்த உங்கள் எல்லோருக்கும்

எங்கள் சபைக் குடும்பங்களுக்கும், சபைக்கு வெளியிலிருந்து எங்களைத் தாங்கியவர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வணக்கம்.

மண்டபம் இல்லாமல் போன கதை உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. நன்றி நாள் ஆராதனையை மோர்னிங்சைட் பூங்காவில் வைப்போம் என்று உங்களை அழைத்தபோது, "இந்தக் குளிருக்குள்ள ஆர் வரப்போகினம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒக்டோபர் நடுவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒருநாள் வெயில் எறிக்கும், மறுநாள் கை விறைக்கும். அன்று காலை 7 பாகை. ஓடைப் பக்கத்துக் காற்று வேறு. ஆனாலும் வந்தீர்கள். சேலைக்கு மேல் ஜக்கெற், அதற்கு மேல் சால்வை என்று மூடிக்கொண்டு, பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி நீங்கள் வாகனத் தரிப்பிடத்திலிருந்து நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும். ஆனால் முதலில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவரல்ல. தாயும் மகனும் கோவிலுக்குப் போகிறவர்கள், எங்கள் கட்டடத்தில்தான் குடியிருக்கிறார்கள். இரவு வேலை, உறைந்த சாப்பாட்டுச் சாமான் வைக்கும் குளிரறையில். லிஃப்டுக்குள் கண்டபோது பூங்காவில் ஆராதனை என்று சொன்னேன். உடனே கேட்டார்: "வயசுபோன ஆக்கள் வருவினமோ அன்ரி? நிலத்தாலதான் குளிர் ஏறும். மேலுக்கு எவ்வளவு போட்டாலும் பிரயோசனமில்லை. காலுக்குக் கீழ மட்டை போடவேணும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று காலை, வேலை முடிந்த கையோடு, வீட்டுக்கும் போகாமல் நேரே பூங்காவுக்கு வந்தார். வாகனத்தின் பின்பக்கம் முழுக்க விரித்து மடித்த மாம்பழப் பெட்டிகள், வாழைப்பழப் பெட்டிகள். சேலைக்கரை சிக்கிக் கிழியாமல் கம்பிப் பின்களை எல்லாம் கழற்றி, ஓரங்களுக்கு ரேப் ஒட்டியிருந்தார். கூடாரத்துக்குள் கொங்கிறீற்றுத் தரை. கதிரை கதிரையாகப் போய் முழந்தாளிட்டு, "காலை ஒருக்கால் தூக்குங்கோ அம்மம்மா" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் இரண்டு மட்டை வீதம் வைத்தார். எண்பது கடந்தவர்கள் கடைசி ஜெபம் வரை எழும்பிப் போகாமல் இருந்தார்கள் என்றால் அதற்கு அந்த மட்டைதான் காரணம். நானும் பக்கத்தில் வெறும் தரையில் கால் வைத்துப் பார்த்தேன், சப்பாத்தையும் தாண்டி விறைப்பு ஏறியது. பாட்டுத் தொடங்கியபோது தேடினேன். அவர் நித்திரைக்குப் போய்விட்டார், ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

பெரிய பானையைக் கம்பளியால் சுற்றி ஒடியற்கூழ் சூடு ஆறாமல் கொண்டுவந்த மாமிமார், வாட்ஸ்அப் பார்க்காதவர்களை வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்து "இரண்டு காலுறை போடுங்கோ" என்று சொன்ன சகோதரி, வாகனம் இல்லாதவர்களை ஏற்றி இறக்கிய இளைஞர்கள், போர்வைகள் இரவல் தந்த பக்கத்து ஆங்கிலச் சபையார், ஹைலண்ட் கிறீக் ஓடையில் சமன் மீன்கள் எதிர்நீச்சல் போடுவதைக் காட்டிப் பிள்ளைகளைக் குளிரை மறக்கச் செய்த ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஊரில் காலபோக நெல்லைத் தை, மாசியில் அறுப்போம். இங்கே உறைபனி கொட்டுமுன் வயல் வேலை முடியவேண்டும். அதனால்தான் அமெரிக்கர் நவம்பர் கடைசியில் வைக்கும் நன்றி நாள் கனடாவில் ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையிலேயே வந்துவிடுகிறது. சூடான மண்டபத்துக்குள் இத்தனை வருடம் கொண்டாடியும் இது என் மனதில் பட்டதில்லை. அன்று சங்கீதத்துக்கு மறுமொழி சொன்னபோது உங்கள் எல்லோர் வாயிலிருந்தும் ஆவி பறந்தது. குளிர் வருமுன் களஞ்சியம் நிறைந்ததற்குத்தான் இந்த நாட்டு விவசாயி கைகூப்புகிறான் என்று அப்போதுதான் விளங்கியது.

மண்டபம் திரும்பக் கிடைத்தாலும் வருடத்தில் இந்த ஒரு ஆராதனையை வெளியில்தான் வைக்கவேண்டும் என்று சபைக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். சம்மதித்தால், அடுத்த வருடத்து முதல் அழைப்பு அந்தத் தம்பியின் வீட்டுக்கும், அவரோடு இரவு வேலை செய்பவர்களுக்கும் போகும். அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்குக் கூழ் தயாராக இருக்கும்.