யார் எடுத்தது என்று சொல்லுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவினருக்கும், திருப்பூரிலிருந்து சபை அங்கத்தினன் ஒருவனின் ஸ்தோத்திரங்கள்.

சபையார் கட்டி வந்த கல்வி உதவி நிதிப் பணத்தை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லெந்து என்னும் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று நீங்கள் வாசித்த அறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். "நிர்வாகத்தில் சில குறைபாடுகள் ஏற்பட்டுள்ளன, சபையார் மன்னித்து ஜெபத்தில் தாங்க வேண்டும்." அவ்வளவுதான். யார் எடுத்தது, எவ்வளவு, எப்போது திரும்பி வரும், ஒன்றுமில்லை. ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்துகொடுத்த ஆரோனும் தம்பி மோசேயிடம் இப்படித்தான் கதை சொன்னார்: பொன்னை அக்கினியிலே போட்டாராம், கன்றுக்குட்டி வந்ததாம். சிற்பக்கருவியைப் பிடித்தது அவர் கைதான் என்று அதே யாத்திராகமம் 32ஆம் அதிகாரம் முன்பே சொல்லிவிடுகிறது.

நம் சபையில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மளிகைக்கு முன்னால் இந்த நிதிக்குத்தான் எடுத்து வைப்பார். பணம் கட்டிய ரசீதுகள் அத்தனையும் அவருடைய பைபிளின் ஜிப் உறைக்குள் இருக்கின்றன. மடிப்பில் மை அழிந்துவிட்டது, குழுவின் கையெழுத்து மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மகள் நர்சிங் படிக்கிறாள். ஃபீஸ் கட்ட அந்தப் பணத்தைக் கேட்டு வந்தவரிடம் உங்கள் குழுவின் மூப்பர் ஒருவர் சொன்ன பதில்: "ரசீதெல்லாம் இப்ப எதுக்குங்க அம்மிணி? மன்னிச்சுட்டுப் போங்க, கர்த்தர் பாத்துக்குவாரு."

அக்கா கந்து வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டினார். வட்டிக்காரரிடம் போய் மன்னித்து விடச் சொல்ல நம் மூப்பர் கூட வருவாரா?

யார் எடுத்தது என்று சொல்லுங்கள். யாரையும் போலீசில் பிடித்துக் கொடுக்க நான் கேட்கவில்லை. மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள் என்று யோவான்ஸ்நானன் சொன்னதை லெந்து காலத்தில் எங்களுக்குப் பிரசங்கிப்பவர்கள் நீங்கள்தானே. அநியாயமாய் வரி வாங்கிய சகேயுவை யாரும் கணக்குக் கேட்கவில்லை. அவராகவே எழுந்து நின்று நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. எங்களுக்கு நாலத்தனையும் வேண்டாம், ஐந்தில் ஒரு பங்கும் வேண்டாம். எடுத்த முதலையும், அதனால் அக்கா தலையில் விழுந்த வட்டியையும் கொடுங்கள், போதும்.

ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து முழங்காலிட்டுப் பாவ அறிக்கை சொல்வதில் யாருக்கும் சிரமமில்லை. தாவீது ராஜாவாக இருந்தும், உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லச் செய்ததைத் தீர்க்கதரிசி நாத்தான் கேட்டபோது, பத்சேபாளையோ தளபதி யோவாபையோ இழுக்காமல், "நான் பாவஞ்செய்தேன்" என்றார். நம் குழுவில் அந்த "நான்" ஒருவர் வாயிலும் வரவில்லை. ஆலயப் புதுமுகப்புத் திறப்பு விழாக் கல்வெட்டில் மட்டும் எல்லார் பெயரும் பட்டம், பதவியோடு இருக்கிறது! வாலிபர் கூட்டத்தில் செல்போனையும் சினிமாவையும் விடச் சொல்லி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், இதற்கு ஒரு நிமிஷம் பேசக் கூடாதா?

சரி, கோபத்தில் எங்கெங்கோ போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாழ்மையாகக் கேட்கிறேன்: குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையைக் கலைக்காமல் நிதிக் கணக்கை வரிவரியாக வாசியுங்கள். எடுத்தவர் எழுந்து நின்று சொல்லட்டும். அன்றைக்கே அக்காவின் பணத்தை, அந்த வட்டியையும் சேர்த்து, அவர் கையில் கொடுங்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
சந்தா பாக்கியில்லாத அங்கத்தினன் ஒருவன்