ஓட்டையில்லாத ஜாடி

காரமடை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோக்களை அப்பாவின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் ஜாடி மூன்றும் அவ்வளவு அழகு. பெங்களூரில் ஆறாவது மாடி பால்கனிக்கு அதுவே ஒரு தனிக் களை (செடி வளர்க்கிறவள் வாயில் இந்த வார்த்தை வரக் கூடாதுதான்). உள்ளே இருக்கிற புதினாதான் பாவம், மஞ்சளாகித் தலை தொங்கி நிற்கிறது. "ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தானே அம்மா படுக்கிறேன்" என்கிறாய். அதனால்தான் கண்ணு.

ஜாடியைக் கவிழ்த்துப் பார். அடியில் ஓட்டை இருக்காது. ஊற்றின தண்ணீர் போக வழியில்லாமல் அடியிலேயே தங்கும். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் அழுகத்தான் செய்யும். பார்க்க வாடினது போலவே இருக்கும், நீ தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுவாய்.

உன்னைத் திட்டவில்லை. நானும் இதைச் செய்தவள்தான். கல்யாணமான புதிதில் திருப்பூரில் லைன் வீடு. பத்துக்கு எட்டில் ஒரே அறை, வாசலில் ஒரு முழம் இடம். அம்மாயி சீராகக் கொடுத்த பித்தளைப் போசியில் மண்ணை நிரப்பித் துளசி வைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பேன், போசி தகதகவென்று மின்னும். ஒரு மாதத்தில் துளசி இலையெல்லாம் கொட்டிவிட்டது. உங்கள் அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, வந்த மருமகளின் ராசி என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிடுங்கினால் வேர் கறுத்து, சாக்கடை நாற்றம். சீர்ப் போசியில் ஓட்டை போட மனசு வருமா? அப்பாதான் பால் பவுடர் டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளை போட்டு, அதில் புதுத் துளசி வைத்து, டப்பாவைப் போசிக்குள் இறக்கினார். அந்தத் துளசி அடுத்த வீடு மாறும்வரை இருந்தது.

நீயும் அதையே செய். ஜாடிகளைத் தூக்கி எறியாதே, டிரில் வைத்து உடைத்தும் விடாதே. ஓட்டை உள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை ஜாடிக்குள் இறக்கு. தண்ணீர் ஊற்றும்போது மட்டும் உள்தொட்டியை வெளியே எடுத்துச் சிங்க்கில் வை. அடியில் ஒழுகும்வரை ஊற்று, கால் மணி நேரம் வடியட்டும், திரும்ப ஜாடிக்குள் வை. எடுக்கும்போதே கை சொல்லிவிடும். கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

அடியில் கூழாங்கல் போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். ஆகாது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைத்து நிமிர்த்திப் பிடித்துப் பார், சொட்டி முடித்த பிறகும் கீழ்ப்பக்கம் ஈரமாகவே இருக்கும். மண்ணும் அப்படித்தான், கல்லுக்கு மேலேயே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல் போட்டால் வேருக்கு இடம் குறைவதுதான் மிச்சம்.

மண்ணுக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்துகொள். நார்க்கழிவை முதலில் நன்றாக அலசிவிடு, சிலதில் உப்பு இருக்கும்.

இந்தப் புதினாவைக் காப்பாற்றப் பார்க்காதே. மார்க்கெட்டுக் கட்டிலேயே தடித்த தண்டாக நான்கு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் டம்ளரில் வை. ஒரு வாரம், பத்து நாளில் கணுவில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அதற்குத் தனித் தொட்டி கொடு. கூட வைத்த செடியை வாழ விடாது, மண்ணுக்குள்ளேயே கொடி விட்டுப் பரவிவிடும்.

மல்லி விதையை அப்படியே போட்டால் சோம்பேறித்தனமாக முளைக்கும். ஒரு விதை என்று நாம் சொல்வதற்குள் இரண்டு விதை இருக்கிறது. நம் ஊரில் செருப்பால் தேய்த்து உடைப்பார்கள், நீ சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டு, இரண்டாகப் பிளந்தால் போதும், நொறுங்கக் கூடாது. வளர்க்கப் போகிற தொட்டியிலேயே நேராக விதை. ஆணிவேர் செடி, பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தழை வைக்காமல் பூவுக்கு ஓடிவிடும். உங்கள் ஊர்க் குளிருக்கு நன்றாகவே வரும். அந்த அகலமான ஜாடி அதற்குத்தான்.

அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் என்று நீ எழுதவே இல்லை. தெற்கு என்றால் ஐப்பசியிலிருந்து தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து வெயில் உள்ளே வரும், வைக்கலாம். வடக்கு என்றால் ஓமவல்லிகூடக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் கிழக்குப் பால்கனிக்கே கொண்டுபோய்விடு.

கறிவேப்பிலை கேட்டாய். பக்கத்துத் தோட்டத்தில் செங்காம்புக் கன்று இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். காம்பு சிவந்திருக்கும், வாசம் தூக்கல். இதைப் பீங்கானில் அடைக்காதே, ஒரு அடி ஆழமுள்ள மண்தொட்டி வாங்கி நல்ல வெயிலில் வை. மார்கழிக் குளிரில் வளராமல் நின்றுவிடும், இலைகூட உதிரும், பயப்படாதே. ஒரு அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளு, கிளை விடும். முதல் வருஷம் தாளிக்கப் பறிக்காதே. இங்கே நான் புளித்த மோர் ஊற்றுவேன். உன் பால்கனியில் அதைச் செய்தால் நாற்றமும் ஈயும் வந்து கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போதும்.

வருகிற சனிக்கிழமை அப்பா பகல் ரயிலில் வருகிறார், கன்று இரண்டும் அவர் மடியில்தான் வரும். அதற்குள் மூன்று ஜாடியின் வாயகலத்தையும் உள் ஆழத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து அனுப்பு. சந்தைக்குப் போகும்போது அந்த அளவுக்கே தொட்டி வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். அளவை உள்பக்கம் எடு, வெளிப்பக்கம் இல்லை.

அன்புடன்,
அம்மா