பெயர் சொல்லாமல் உதவியவருக்கு நன்றி

கணினி அறிவியல் படித்து, இணையதள வடிவமைப்பில் இப்போதுதான் காலூன்றிவரும் எனக்கு, மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில், மின்கம்பி போலச் சமிக்ஞை கடத்தும் ரெட்ஸ்டோன் என்ற பொருளைக் கொண்டு சுற்றுகளை அமைப்பது பெருவிருப்பம். ரெட்ஸ்டோன் தூளில் சமிக்ஞை 15 கட்டங்களைத் தாண்டாது என்பதால் நான் கட்டிவந்த கூட்டல் கருவி பாதியில் நின்றபோது, தம் பெயரைக்கூடச் சொல்லாத ஒருவர் பொறுமையாக உடனிருந்து, ரிப்பீட்டரை எங்கே வைத்தால் சமிக்ஞை மீண்டும் முழு வலிமை பெறும் என்பதையும், ஒவ்வொரு ரிப்பீட்டரும் குறைந்தது 0.1 நொடி தாமதத்தைச் சேர்க்கும் என்பதையும் செய்தே காட்டினார். எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று காட்டும் உண்மை அட்டவணையாக (truth table) மட்டுமே வகுப்பில் பார்த்திருந்த தருக்க வாயில்கள் (logic gates) கண்முன் இயங்கியதை அன்றுதான் கண்டேன். எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. இணையதளங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் எது முதலில் வரும், எது காத்திருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த விளக்கமே கைகொடுக்கிறது. நீங்கள் யாராயினும், உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.